தார் ரோட்டில் ஒரு துளை

காண்ட்ராக்டர் கானிம் விடியுமுன்பே ரோட்டுக்கு வந்துவிட்டான். மொசூலில் அவன் போட்ட புது ரோட்டைத் துளைத்துப் பார்க்க இன்ஜினியர் ரக்தா வருகிறாள். ஒப்பந்தப்படி போட வேண்டியதைப் போடவில்லை என்று எந்தப் புண்ணியவானோ மனுப் போட்டுவிட்டான். மாட்டினால் ஜெயில்தான்.

ஆனால் கானிம் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவ்வளவு நீள ரோட்டில் ஒரே ஓர் இடத்தில் மட்டும், தப்பித்தவறி, ஒப்பந்தத்தில் சொன்னபடியே கலவை போட்டிருந்தான். அதற்கு நேர் மேலே கூடாரம் அடித்து விருந்தையும் விரித்துவிட்டான். கறி பொதிந்த குப்பா, அரிசி அடைத்த தோல்மா, போதாதற்கு முழு ஆடு.

"முதலாளி, நம்ம யார்டுல கிடந்துச்சே, போர்ல இடிஞ்ச வீட்டுக் கான்கிரீட்டு... அத்தனையும் எங்கேன்னு கேட்டா?" மேஸ்திரி தன்னூன் காதைக் கடித்தான்.

"அந்தப் பேச்சை எடுத்தே, உன்னையும் சேர்த்துப் புதைச்சிருவேன்."

ரக்தா ஜீப்பிலிருந்து இறங்கினாள். கூடவே ஒரு போலீஸ்காரர்.

"வாம்மா மகளே! வெயில்ல ஏன் நிக்கிறே? முதல்ல ரெண்டு வாய் சாப்பிடு. அப்புறம் இங்கேயே நிழல்ல துளைச்சுப் பாரு."

"வேணாம் மாமா. உங்க உப்பைத் தின்னுட்டா, அப்புறம் உங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. வேலை முடியட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை. கறி வாசனை எட்டாத தூரத்துக்கு நடந்துபோய், கொளுத்தும் வெயிலில் எந்திரத்தை நிறுத்தச் சொன்னாள்.

கானிம் அவள் பின்னாலேயே ஓடினான். சாப்பாட்டைப் போட்டு வாயை அடைக்கப் பார்த்தால், அந்தச் சாப்பாடே அவளைத் துரத்திவிட்டதே!

எந்திரம் ரோட்டைக் குடைந்து உருளையாக ஒரு துண்டை எடுத்தது. ரக்தா அதைக் குறுக்கே அறுத்து, கழுவி, சின்னக் குப்பியிலிருந்து நாலு சொட்டு விட்டாள்.

"என்ன மருந்தும்மா அது?" என்றார் போலீஸ்காரர்.

"கான்கிரீட்டு சிமெண்டு மேல பட்டா ரோஜா நிறமாயிடும்."

எல்லாத் தலையும் குனிந்தன. கானிம் தனக்குத் தெரிந்த துஆ எல்லாவற்றையும் முணுமுணுத்தான்.

சொட்டு காய்ந்தது. கல் கல்லாகவே இருந்தது. மருந்துக்குக்கூட ரோஜா நிறம் இல்லை.

"ஒண்ணும் இல்லையே! அப்ப சாப்பிடப் போலாமா?" போலீஸ்காரர் ஆவலோடு கூடாரத்தைப் பார்த்தார்.

கானிம் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். ரக்தா துண்டைப் பையில் போட்டு முத்திரை வைத்தாள்.

"சாப்பாடு இருக்கட்டும். முதல்ல இவருக்கு விலங்கை மாட்டுங்க" என்றாள். பிறகு கானிம் பக்கம் திரும்பினாள்.

"ரோடு முழுக்க இடிஞ்ச வீட்டுக் கான்கிரீட்டை அரைச்சுப் போடறேன்னு கூலியும் வாங்கிட்டு, ஊரே இடிஞ்சு கிடக்கிறப்ப, நீங்க போய் மலையை இடிச்சுக் கொண்டாந்து கொட்டியிருக்கீங்களே, மாமா!"