வலைக்குப் பின்னால்

பழைய மாணவர்களின் கால்பந்தாட்டத்தில், இடைவேளையானால் அதே சண்டைதான். கல்லூரி கண்ட கோச்சுகளில் பெரியவர் லாசர் மாஸ்டரா, பிறகு வந்த சவரிமுத்து மாஸ்டரா?

“நாங்க பெனால்டி அடிக்கும்போது சவரிமுத்து மாஸ்டர் வலைக்குப் பின்னால வந்து நிப்பாரு. அந்த மூஞ்சியப் பாத்துத்தான் அடிப்போம். உங்க லாசர் மாஸ்டர் முதுகக் காட்டிட்டு நின்னவருதான அண்ணாச்சி?” என்றான் ஜெயசிங். அவனுக்கே மீசை நரைத்துவிட்டது.

எழுபதைத் தாண்டிய ஞானப்பிரகாசம் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“பைனல்ல நான் பெனால்டிய வெளிய அடிச்சிட்டேன்டே. தலைய நிமித்திப் பாத்தா அவரு மூஞ்சி இல்ல, முதுகுதான் இருந்துச்சு. அதனாலதான் மறு வருசமும் ஆட வந்தேன்.”



ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஜெயசிங்குக்குப் பெனால்டி அடிக்க வாய்த்தது. பந்தை வைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் வலைக்குப் பின்னால் பார்த்தான். சவரிமுத்து மாஸ்டர் இறந்தபிறகு அவன் அடிக்கப்போகும் முதல் பெனால்டி அது. அங்கே ஞானப்பிரகாசம் அண்ணாச்சி காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தார். வலையைப் பிடித்து மூச்சு வாங்கினார். ஜெயசிங்கைப் பார்த்துத் தலையசைத்தார். நடுவர் விசிலை வாயில் வைத்ததும், மெல்லத் திரும்பி முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.