துரை அவுட் இல்லை

“அவுட் இல்ல!”

பந்து தோட்டத்து மேனேஜரான பெரிய துரையின் காலில், நடு ஸ்டம்புக்கு நேராகப் பட்டிருந்தது. மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அது தெரிந்தது, அம்பயர் ஞானரட்ணத்துக்கு மட்டும் தெரியவில்லை. வெள்ளைக் கோட்டுப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு அசையாமல் நின்றார்.

றோலண்ட் மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்டியில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மாஸ்டர் அவர். வேகப்பந்து போடும் பையன் ஒருவனைப் பிடித்து வாருங்கள், சாப்பாடும் படிப்பும் நம் செலவு என்று பள்ளி அதிபர் அனுப்பியிருந்தார்.

பள்ளியில் இருப்பது ஒரு பையனுக்கான இடம்தான். நேற்று ஹட்டனில் பார்த்த பையன் விக்கெட்டுகளை அள்ளிக் குவித்திருந்தான். இன்று டயகமப் பக்கத்து இந்தத் தேயிலைத் தோட்டத்தில், துரைமார் அணிக்கு எதிராகத் தொழிலாளர் லயத்துப் பையன் அழகுமுத்து பந்து போடுகிறான். எத்தனை விக்கெட் என்றுதான் அதிபர் முதலில் கேட்பார்.

“என்ன மனுசன்யா இவரு! கண்ணு தெரியாதா?” என்றார் றோலண்ட்.

பக்கத்தில் நின்ற பழனியாண்டி, பையனைப் பெற்றவர், கசப்பாகச் சிரித்தார். “அவரு எங்க தோட்டத்துப் பெரிய கிளாக்கருங்க மாஸ்டர். வருசா வருசம் அவருதான் அம்பயர். தொரை அம்பது அடிக்கிற வரைக்கும் அவுட்டு கெடையாது. அது இங்கத்தச் சட்டமுங்க.”

“அதுக்காக ஒரு புள்ளையோட வாழ்க்கையைக் கெடுக்கிறதா?”

“அவரா வெரலத் தூக்குவாரு? போன மழைக்கு அவரு சம்சாரம் ஐவியம்மா பிரசவ வலியில துடிச்சாங்க. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டாரு. ‘கொழுந்து ஏத்தணும், லொறி இல்ல’ன்னுட்டாரு தொரை. தாயும் போச்சு, புள்ளையும் போச்சு. அடக்கம் முடிஞ்ச மறுநாளே ஆபீசுல வந்து ‘குட் மோர்னிங் சேர்’னு நின்னவருங்க அவரு.”

சீ என்றிருந்தது றோலண்டுக்கு. இப்படியும் ஒரு முதுகெலும்பில்லாத பிறவியா?

அடுத்த பந்து எகிறி, துரையின் கட்டை விரலில் பட்டு, கீப்பரின் கைக்குள் போய் உட்கார்ந்தது. துரை மட்டையைப் போட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். பையன்கள் எல்லாரும் அம்பயரைப் பார்த்துக் கத்தினார்கள்.

“அவுட் இல்ல!” என்றார் ஞானரட்ணம். சொன்னதோடு விட்டாரா? ஓட்டமாக ஓடிப்போய், கீழே கிடந்த மட்டையைத் தன் கையாலேயே எடுத்து, சட்டையில் மண்ணைத் துடைத்து, துரையிடம் நீட்டினார். “ரொம்ப வலிக்குதுங்களா சேர்? நீங்க ஆடுங்க சேர்.”

துரைக்கு ஆட விருப்பமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் உடப்புசல்லாவையிலிருந்து வந்த துரைமாரும் துரைசாணிமாரும் கூடாரத்துக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். லயத்துப் பையனுக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பார்களே! மட்டையை வாங்கிக்கொண்டு நின்றார்.

அடுத்த பந்தில் ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. துரை நிம்மதியாகத் திரும்பி நடக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான், சாவகாசமாக, சத்தம் வந்தது.

“நோ போல்!”

பையனின் கால் கோட்டைத் தொடக்கூட இல்லை. அழகுமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஞானரட்ணம் பந்தைத் துடைத்து அவன் கையில் வைத்து, “போடுப்பா,” என்றார், அவ்வளவுதான். அழுகை ஆத்திரமாகிப் பையன் எங்கிருந்தோ ஓடி வந்தான். அந்தப் பந்தை றோலண்ட் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டார்.

துரை விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அதோடு மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி மைதானத்தை மூடியது, ஆட்டமும் நின்றுபோனது. அழகுமுத்துவின் பேரில் ஒரு விக்கெட்கூட இல்லை.

பழனியாண்டி தலையில் கைவைத்தார். “போச்சுங்களா மாஸ்டர்?”

“யாரு சொன்னா? விக்கெட்ட அதிபர் கேக்கட்டும். நான் பந்தப் பாத்தவன். திங்கக்கெழமை பையனக் கூட்டிக்கிட்டு வந்திருங்க,” என்றார் றோலண்ட்.

றோலண்டின் ஆத்திரம் மட்டும் ஆறவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்த ஞானரட்ணத்தின் முன்னால் போய் நின்றார்.

“பையன நான் எடுத்தாச்சு. ஒங்கள நம்பியிருந்தா அவன் காலமெல்லாம் இந்த மலையிலதான் கெடந்திருப்பான். மூணு தடவ அவுட்டு! ஒரு தடவயாச்சும் குடுத்திருக்கக் கூடாதாங்க? தொரைன்னா அம்புட்டுப் பயமா?”

நாலு பேராகத் துரையைக் காருக்குள் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் துரை அலறினார். அலறல் அடங்கி, கார்க் கதவு சாத்தப்படும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஞானரட்ணம் மெதுவாகத் திரும்பினார்.

“குடுத்திருந்தா அவன் நடந்துல்ல போயிருப்பான், மாஸ்டர்.”