புத்தூர் கட்டு

"நடுவுல முறிஞ்சிருக்குது மாமா," என்றாள் வெங்கடலட்சுமி, கட்டைவிரலால் மெதுவாக நீவிப் பார்த்தபடி. "ரெண்டு முட்டை எடுத்துக்கினு வா. வெள்ளைக்கரு மட்டும்."

"தேறுமா?" என்று மனைவியைக் கேட்டான் செங்கல்வராயன்.

"எங்க நைனா லாரி ஏறின காலையே நிமித்தியிருக்காரு. இது இன்னா, கோல்ஃப் மட்டைதானே!"

புத்தூரில் மூன்று தலைமுறையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் குடும்பம் அவளுடையது. தடாவில் வாடகை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் மட்டையைக் கிடத்தியிருந்தார்கள்.

மட்டை, செங்கல்வராயன் கார் ஓட்டும் மேனேஜர் சடகோபனுடையது. அவருடைய பயோடேட்டாவில் 'கோல்ஃப் வீரர்' என்று படித்துவிட்டு, கம்பெனி சேர்மனே ஆசையாக வாங்கித் தந்தது. மறுநாள் ஞாயிறு காலை இருவரும் ஆடப் போவதாக ஏற்பாடு.

"கண்ண எங்க வெச்சிக்கினு கார ஏத்தினே?"

"சார்தான் பின்னால நின்னுக்கினு 'வா, வா, இன்னும் வா'ன்னாரு. நானும் ரிவர்ஸ்ல வந்தேன். மட்டை கீழ கெடந்தத நான் இன்னா கண்டேன்?"

"திட்டினாரா?"

"சிரிச்சாரு லட்சுமி. முதுவுல தட்டி, 'தூக்கிப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கு'ன்னாரு. அதான் பயமா கீது. ஸ்டோர்ஸ் பவன்குமாரையும் இப்படிச் சிரிச்சிக்கினேதான் வேலைய விட்டு அனுப்புனாரு."

அவள் குடைக்கம்பி ஒன்றை மட்டைக்குள் செருகி, முறிந்த இடத்தைச் சேர்த்தாள். பச்சிலையை வெள்ளைக்கருவில் குழைத்துப் பூசினாள். நான்கு மூங்கில் பத்தைகளைச் சுற்றிலும் வைத்துத் துணியால் இறுக்கினாள். செங்கல்வராயன் மறுமுனையை நோயாளியின் பாதத்தைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பத்தியம் உண்டா?"

"மூணு வாரம் கத்திரிக்கா, கருவாடு துன்னக்கூடாது. அதுக்கு இல்ல, உனக்கு. அப்பவாவது வண்டிய பாத்து ஓட்டுற புத்தி வருதான்னு பாப்போம்."

மாலைக்குள் கட்டு காய்ந்துவிட்டது. வாசலில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து அடித்துப் பார்த்தான். பழம் எதிர்வீட்டு மாடித் தொட்டியில் போய் விழுந்தது. மட்டை அசையவில்லை. வெங்கடலட்சுமி அதற்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

ஞாயிறு காலை சடகோபன் வீட்டு வாசலில் சேர்மனின் கார் நின்றிருந்தது. வராந்தாவில் சடகோபன் அவருக்குக் காபியை நீட்டிக்கொண்டிருந்தார்.

"என்னோட மட்டை ஒண்ணு தரேனே," என்றார் சேர்மன்.

"நீங்க உங்க கையால குடுத்த மட்டை சார் அது. வேற மட்டையத் தொட மனசு வரல."

செங்கல்வராயன் மூச்சிரைக்க ஓடி வந்தான். கட்டுப் போட்ட மட்டையை இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினான். "சார்! தேறிடுச்சு சார்!"

சேர்மன் கட்டின்மேல் தட்டிப் பார்த்தார். காற்றில் ஒருமுறை வீசினார். முகம் மலர்ந்தது.

"பலே! பதண்டி, போலாம் சடகோபன்!" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தார்.

செங்கல்வராயன் கைகூப்பினான். "வேலைய விட்டு மட்டும் எடுத்துடாதீங்க சார். புள்ளகுட்டிக்காரன்."

சடகோபன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். காதருகே குனிந்தார்.

"யோவ், எனக்கு ஆடவே தெரியாதுய்யா!"