பதினொன்றுக்கு அடுத்து

பாலத்துச் சோதனைச்சாவடியில் வேனின் பின்கதவைத் திறக்கச் சொன்ன சிப்பாய், பேக்கரிக்காரியின் கூடப்பிறந்த தம்பி.

"கதவத் தெறங்க," என்றான்.

பேச்சு வந்த நாளிலிருந்து அவளை நீ, வா, போ என்றே பேசியவன். இன்றைக்கு மரியாதை கொடுக்கிறான். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

திறந்தாள். உள்ளே மாவு மூட்டைகள். அவற்றுக்குப் பின்னால் அவள் புருஷன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் புருஷனின் ஆட்கள், இந்தப் பக்கம் தம்பியின் ஆட்கள். ஊர் கைமாறிய அன்று புருஷன் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். பிடிபட்டால் விசாரணையெல்லாம் கிடையாது, நேரே சுவரோரம் நிறுத்திச் சுடுவதுதான். பாலத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்தான்.

இத்தனைக்கும் அவனை நண்பன் என்று முதன்முதலில் வீட்டுக்குக் கூட்டிவந்ததே தம்பிதான். நாடு இரண்டுபட்டபோது சாப்பாட்டு மேசையும் இரண்டுபட்டது. இனி கண்ணில் பட்டால் மச்சான் என்று பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் தம்பி படைக்குப் போனான். சொன்னால் செய்கிறவன்.

போதாக்குறைக்குப் புருஷனுக்கு மாவு ஆகாது. பேக்கரிக்காரியைக் கட்டிக்கொண்டவனுக்கு வாய்த்த வியாதியைப் பாருங்கள். மாவு பறந்தால் வரிசையாகத் தும்முவான். அவன் தும்மத் தும்ம அவளுடைய அம்மா ஆயுசு கூட்டிக்கொண்டே போவாள், நூறு, இருநூறு, முந்நூறு என்று. மச்சான் நம்மையெல்லாம் புதைத்துவிட்டுத்தான் போவான் என்று தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

அதனால் மூக்கைத் துணியால் இறுக்கிக் கட்டித்தான் அவனை ஏற்றியிருந்தாள்.

தகரக் கூரைக்குக் கீழே அதிகாரி போனில் யாருடனோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூட்டைகளை எண்ணும்படி கையைக் காட்டினார்.

தம்பி உள்ளே ஏறினான். கம்பால் ஒவ்வொரு மூட்டையாகத் தட்டி உரக்க எண்ணினான்.

ஒன்பது. பத்து. பதினொன்று.

மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தும்மல்.

கம்பு அந்தரத்தில் நின்றது. அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

தம்பி அவளைப் பார்க்கவில்லை. புறங்கையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"நூறு," என்றான், மூட்டைகளைப் பார்த்து.

பிறகு வெளியே தலையை நீட்டி, நூறு மூட்டை, எல்லாம் மாவுதான் என்று அதிகாரிக்கும் ஒருமுறை கத்திச் சொன்னான். அந்த ஓட்டை வேனில் முப்பது ஏற்றினாலே அச்சு முறிந்துவிடும். அதிகாரிக்குப் போன் சண்டையே பெரிதாக இருந்தது. போகலாம் என்று கையை அசைத்தார்.

தம்பி இறங்கிக் கதவைச் சாத்தினான். அடித்துச் சாத்தவில்லை, தூங்குகிற வீட்டில் சாத்துவதுபோலச் சாத்தினான்.

"பாத்துப் போங்க," என்றான்.

பாலம் முடியும்வரை அவள் மூச்சுவிடவில்லை. முடிந்ததும் பின்னாலிருந்து தும்மல்கள் வரிசைகட்டி வந்தன. இருநூறு, முந்நூறு, நானூறு என்று அவள் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். சிரிப்பும் அழுகையுமாகப் பாதை சரியாகத் தெரியவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

தம்பியின் மரியாதைதான் இன்னும் கொஞ்சம் உறுத்தியது.

ஆயிரத்தைத் தொட்டபோது அதுவும் விளங்கிவிட்டது. பார்த்துப் போங்க என்றானே, இரண்டு பேர் போகும்போது வேறு எப்படிச் சொல்வது?