பாலம் முடிகிற வரை

"எர்லின், வலது பக்கம் ஒதுங்கு. பின்னாடி ஒருத்தன் லைட் அடிச்சுக்கிட்டே இருக்கான்."

"அடிக்கட்டும்" என்றாள் எர்லின். பார்வையைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

க்ளோவிஸ் கிட்ரி இருக்கையில் நெளிந்தார். காலையில்தான் பேட்டன் ரூஜ் நகர ஆஸ்பத்திரியில் அவருடைய வலது கண்ணுக்குப் புரை எடுத்திருந்தார்கள். அந்தக் கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி. இடது கண்ணுக்கு அடுத்த மாதம். அதில் உலகமே பால் கலந்த தண்ணீர் மாதிரிதான் தெரியும். அந்தக் கலங்கலிலும், பின்னால் வந்த வண்டியின் விளக்குகள் பக்கக் கண்ணாடியில் அணைந்து அணைந்து எரிவது அவருக்குத் தெரிந்தது.

சதுப்பு நிலத்தின் மேலே பதினெட்டு மைல் நீளப் பாலம். போகும் திசைக்கு இரண்டே பாதை. வலது பாதையில் லாரிகள் ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அதற்கு மேல் அவை போகக் கூடாது; இடது பாதைக்கும் வரக் கூடாது. இடது பாதை, கார்கள் முந்திப் போவதற்கு. அந்தப் பாதையில் எர்லின், பக்கத்து லாரியோடு கை கோத்தது போல, அதே ஐம்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தாள்.

உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் க்ளோவிஸ். அவரால் இதைத் தாங்க முடியவில்லை.

"இடது பாதை எதுக்கு?" என்று பழைய வகுப்பறைக் குரலில் கேட்டார்.

"முந்துறதுக்கு."

"முந்தி முடிச்சதும்?"

"வலது பக்கம் வந்துடணும். கல்யாணமான நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

"அப்போ வா."

"மாட்டேன்."

க்ளோவிஸுக்கு ஆச்சரியமாக இருந்தது. எர்லின் இப்படி ஓட்டி அவர் பார்த்ததே இல்லை. பாலத்துக்கு முன்னால் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, அவரைக் காரிலேயே கண்ணை மூடிப் படுத்திருக்கச் சொல்லிவிட்டுக் காபி வாங்கப் போனாள். திரும்பி வந்ததிலிருந்து இந்தப் பிடிவாதம்தான். காபியும் வாங்கி வரவில்லை.

பின்னால் ஹார்ன் அலறியது. நிறுத்தாமல், நீளமாக.

"ஊர்ல பாதிப்பேர் என்கிட்ட வண்டி கத்துக்கிட்டவங்க. யாராவது பார்த்தா என்ன சொல்வாங்க? 'கிட்ரி வாத்தியார் பொண்டாட்டி ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போறா'ம்பாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும்."

"பாவம், அவன் வீட்ல யாருக்கு என்னவோ? ஆஸ்பத்திரிக்குப் போறானோ என்னவோ?"

"அவனுக்கு ஒரு அவசரமும் இல்லை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்து லாரி கொஞ்சம் பின்தங்கியது. அதன் முன்னால் ஒரு கார் நுழையும் அளவுக்கு இடம் திறந்தது.

"இதோ, லாரிக்காரனே இடம் விடுறான். போ, போ!"

அவள் போகவில்லை. தானும் வேகத்தைக் குறைத்து, மறுபடி லாரிக்கு நேராக வந்து அந்த இடத்தை அடைத்தாள். பின்னால் வந்த வண்டி சடாரென்று வலது பக்கம் பாய்ந்து, இரண்டு லாரிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்தது. லாரியின் பிரேக் கிறீச்சிட்டது. அந்த வண்டி தடுமாறி, மறுபடி இவர்கள் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

"பார்த்தியா? உன்னாலதான் அவன் இந்தக் கூத்தெல்லாம் ஆடுறான்! போலீஸ் வந்தா அபராதம் உனக்குத்தான். சட்டம் அவன் பக்கம்."

"வரட்டும். சீக்கிரம் வந்தா நல்லது."

க்ளோவிஸ் பொறுமை இழந்தார். தானே இண்டிகேட்டரைப் போட்டுவிடலாம் என்று குறுக்கே கையை நீட்டினார். அவள் பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதே, க்ளோவிஸ்! இன்னும் நாலே மைல். அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாதே."

அவளுடைய குரல் நடுங்கியது. ஸ்டியரிங் மட்டும் நடுங்கவில்லை.

அந்த நாலு மைலும் ஹார்ன் ஓயவே இல்லை.

பாலம் முடிந்த இடத்தில் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழன்றன. இரண்டு போலீஸ் கார்கள் தயாராக நின்றன. எர்லின் மெதுவாகச் சாலையோரம் ஒதுங்கினாள். ஒரு போலீஸ் கார் பின்னால் வந்த வண்டியின் குறுக்கே போய் நின்றது.

"சொன்னேன்ல?" என்றார் க்ளோவிஸ்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு போலீஸ்காரர் எர்லின் பக்கத்து ஜன்னலருகே வந்து குனிந்தார். க்ளோவிஸ் முந்திக்கொண்டார்.

"ஆஃபீசர், தப்பு எங்க மேலதான். நானும் வழி நெடுக சொல்லிக்கிட்டுத்தான் வந்தேன். இவ கேக்கலை..."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"போன் பண்ணது நீங்கதானே மேடம்? பாலம் பூரா அவனை முன்னாடி போகவிடாமப் பிடிச்சு நிறுத்திட்டீங்க. இல்லேன்னா இன்னைக்கு எத்தனை உசுரு போயிருக்குமோ. நிக்கக்கூட முடியலை, அவ்வளவு குடி. பேரைக் கேட்டா சொல்ல மாட்டேங்கிறான்."

"நான் சொல்றேன், எழுதிக்கோங்க" என்றாள் எர்லின். "டெல்வின் கிட்ரி."

பிறகு கணவரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பங்க்லயே சாவியைக் கேட்டேன், க்ளோவிஸ். பெத்த அம்மாகிட்டயே தர மாட்டேன்னுட்டான்."