தலைவர் காலமானார்

என் குரலுக்குச் செத்தவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். சிரிக்காதீர்கள், ஓய்வு பெற்ற பிறகு ஆட்டோவில் மைக் பிடித்து இறப்புச் செய்தி சொல்பவன் நான். தேர்தலில் ஜெயித்து ஊராட்சித் தலைவராக இருந்தவர் செண்பகவடிவு. ஆனால் ஊருக்கு அவர் புருஷன் மாசிலாமணிதான் ‘தலைவர்’. செண்பகவடிவு வெறும் ‘தலைவர் சம்சாரம்’. அவர் செத்த அன்றும், “‘தலைவர் சம்சாரம்’னே சொல்லிருங்கண்ணே” என்றார் மாசிலாமணி.

நான் அவர் வாசலிலேயே மைக்கைத் தட்டினேன். “நமது ஊராட்சித் தலைவர் செண்பகவடிவு அவர்கள் காலமானார்.” கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த முகம் மெல்ல என் பக்கம் திரும்பியது. பார்த்ததைச் சொன்னதற்குத் தெருவே சிரித்தது.

“யோவ், செத்தவ எப்படித் திரும்புவா?” என்று மாசிலாமணி அடிக்கவே வந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் அவரே என் வீட்டுக்கு வந்தார். படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார்.

“தலைவர் திரும்பினாங்கண்ணே. நானும் பாத்தேன்.”