பெரியவர் லேபிள்

முதலாளி போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் போன் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"கூடப் பிறந்தவன்னு நம்பினேன். வீட்டுக்குள்ளயே கன்னம் வெச்சிருக்கான்."

மரச்சாமான் பட்டறைகளுக்கு அலமாரி, மேசை வரைந்து கொடுக்கும் ப்ரோக்ராம் அவருடையது. நாலு பேரிடம் ஏச்சு வாங்கி, தானே கற்று எழுதியது. ஒரு அலமாரியைக் காப்பி செய்து இன்னொரு வரைபடத்தில் பேஸ்ட் செய்தால் அளவு, பலகை, கீல் எல்லாம் அலுங்காமல் வந்து உட்காரும். வேறு எங்கே பேஸ்ட் செய்தாலும் ஒன்றும் வராது. காப்பியாகும் சரக்கின் மேல் ப்ரோக்ராம் ஒரு லேபிள் ஒட்டும். அந்த லேபிள் தெரிந்த ப்ரோக்ராம்தான் பிரிக்க முடியும். ஆபீசில் எல்லோரும் தன்னைக் கூப்பிடும் 'பெரியவர்' என்பதையே லேபிளாக வைத்திருந்தார். அதில் அவருக்கு ஒரு தனி மிதப்பு.

ப்ரோக்ராம் வாங்க வந்திருந்த ஒரு பட்டறைக்கார அம்மாவின் லேப்டாப்பில் போட்டுக் காட்டி, அதைத்தான் அளந்துகொண்டிருந்தார். அந்த அம்மா லேசுப்பட்டவர் இல்லை. சண்டை போட்டுப் பிரிந்துபோன தம்பி, அதாவது 'சின்னவர்', விற்கும் ப்ரோக்ராமும் அதே லேப்டாப்பில் இருந்தது. பெரியவரின் அலமாரியைக் காப்பி செய்து அதில் பேஸ்ட் செய்தார். கீல் முதற்கொண்டு வந்து நின்றது. அதற்குத்தான் அந்தச் சத்தம்.

பெரியவர் தன் ப்ரோக்ராமர் பெண்ணைக் கூப்பிட்டார். லேபிளை இன்றைக்கே மாற்று, வக்கீலுக்குப் போன் போடு, இனி அவன் மூஞ்சியில் முழிக்கமாட்டேன் என்று அடுக்கினார்.

"மாத்திடறேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துக்கறேன்."

அவள் சின்னவர் ப்ரோக்ராமில் ஒரு மேசையைக் காப்பி செய்து, பெரியவர் ப்ரோக்ராமில் பேஸ்ட் செய்தாள். மேசை இழுப்பறையோடு வந்துவிட்டது.

"இது எப்படி? அவன் லேபிளை நான் சேர்க்கவே இல்லையே."

"அவர் தன்னோட சரக்குல உங்க லேபிளையும் ஒட்டறார் சார். அவரோட கஸ்டமர் எப்ப வேணா உங்ககிட்ட வந்துடலாம். வரைஞ்சது எதுவும் வீணாகாது."

"வியாபாரம் தெரியாத பய," என்றார். குரல் இறங்கியிருந்தது.

காப்பியான சரக்கில் என்னென்ன லேபிள் இருக்கிறது என்று காட்டும் சின்ன ஜன்னலை அவள் திரையில் திறந்தாள்.

"முதல்ல ஒட்டினதுதான் மேல நிக்கும் சார். எல்லாரும் தன்னோடதைத்தான் முதல்ல ஒட்டுவாங்க."

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

மேலே 'பெரியவர்'. அதற்குக் கீழேதான் 'சின்னவர்'.

பட்டறைக்கார அம்மா, கடைசியில் நான் எந்த ப்ரோக்ராமைத்தான் வாங்கட்டும் என்று கேட்டார்.

பெரியவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எதை வேணா வாங்கிக்குங்கம்மா. ரெண்டும் எங்க வீட்டுச் சரக்குதான்."